ஆளில்லா நிலத்துக்கு ஆள் வந்தால்

புறம்போக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலம் என்பதுதான் அதன் பொருள். பாதை, வாய்க்கால், மேய்ச்சல், சுடுகாடு என்று ஊரே புழங்குவதற்காக, யார் பெயரிலும் எழுதாமல் விட்டுவைத்த இடம் அது. இன்றைக்கு அதே சொல்லை ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கேட்பாரற்றதாகிப் போனது. சொல்லுக்கு நேர்ந்ததுதான் நிலத்துக்கும் நேர்கிறது, உலகத்தின் எந்த நகரத்தில் வேண்டுமானாலும்.

இடித்த கட்டடத்தின் வெற்று மனை, ரயில் ஓடாத தண்டவாளத்தின் ஓரம், மேம்பாலத்துக்கு அடியில் கிடக்கும் மண், சாலையை அகலப்படுத்தக் கையகப்படுத்தி அப்புறம் மறந்துபோன துண்டு நிலம். முதலில் யாரோ ஒருவர் இருட்டில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார். மறுநாளும் அது அங்கேயே கிடப்பதைப் பார்த்து இன்னொருவர் போடுகிறார். சில மாதங்களில் அது குப்பை போடும் இடம் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிடுகிறது. பெண்கள் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கிறார்கள், பிள்ளைகளை அங்கே விளையாட விடுவதில்லை. ஆள் நடமாட்டம் குறையக் குறைய நிலம் இன்னும் கெடுகிறது.

அப்படிப்பட்ட இடத்தை அக்கம்பக்கத்தார் கூடித் தோட்டமாக்கிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. முன்பு குப்பைமேடு, இப்போது பச்சை, நடுவில் மண்வெட்டியோடு சிரிக்கும் சிலர் என்று இரண்டு மூன்று படங்கள் இருக்கும். அந்த நடுவில் என்ன நடந்தது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. செடி நடுவது அதில் மிகச் சிறிய வேலை. அந்த நிலத்துக்கு ஆள் இல்லாமல் போனது ஏன் என்று பார்த்து, அதற்கு ஆளை உண்டாக்குவதுதான் பெரிய வேலை.

பொது நிலம் வீணாவதற்கு மக்களின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது எளிது. பல இடங்களில் உண்மையான காரணம் நிர்வாகத்தில் இருக்கிறது. நிலம் ஒரு துறையின் பெயரில் இருக்கும், குப்பை அள்ளுவது வேறு துறை, வடிகால் இன்னொரு துறை, மரங்களுக்கு மற்றொன்று. நான்கு பேருக்கும் அது ஓரத்து நிலம்தான். பணமும் அப்படியே. பூங்கா அமைப்பது ஒருமுறை செய்கிற செலவு, அதற்குத் திறப்பு விழா உண்டு. வருஷா வருஷம் புல் வெட்டவும் தண்ணீர் விடவும் பணம் ஒதுக்குவதற்கு விழா கிடையாது. பணமுடை வரும்போது முதலில் கைவைப்பது அதில்தான்.

1970களின் நியூயார்க் இதற்குச் சரியான சாட்சி. நகர நிர்வாகம் திவாலாகும் நிலையில் இருந்தது. வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் கட்டடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பல எரிந்தன, பல இடிக்கப்பட்டன. வரிப் பாக்கிக்காக நகரத்தின் கைக்கு வந்த மனைகள் செங்கல் குவியலாகக் கிடந்தன. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் வேலிகளுக்கு மேலே விதை உருண்டைகளை வீசத் தொடங்கினார்கள். ‘பச்சை கெரில்லாக்கள்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1973-இல் மன்ஹாட்டனில் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு மனைக்குள் நுழைந்து, குப்பையை வாரி வெளியே போட்டு, மண் கொட்டி, பாத்தி கட்டினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் விதை உருண்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. 1974-இல் அவர்கள் நகர நிர்வாகத்திடமிருந்து மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த மனையை எழுதி வாங்கினார்கள். ஒரு டாலர் என்பது பேருக்குத்தான். ஆனால் அந்தத் தாள் வந்ததும், அத்துமீறி நுழைந்தவர்கள் பொறுப்பாளர்கள் ஆனார்கள்.

நிலம் யாருடையது என்று தெரியாமல் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் பின்னால் படும் பாடு பெரிது. அதே நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 2011-இல் ‘596 ஏக்கர்ஸ்’ என்ற குழு செய்தது எளிய காரியம். சும்மா கிடக்கும் பொது நிலங்கள் எவை, எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்ற விவரத்தைத் திரட்டி வரைபடமாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு வேலியிலும் போய், இது பொது நிலம், இன்னாரிடம் கேளுங்கள் என்று அறிவிப்பை மாட்டினார்கள். அந்தப் பகுதியில் கிடந்த பொது நிலத்தின் மொத்தப் பரப்பே அவர்களுடைய பெயர். தினமும் அந்த வேலியைத் தாண்டி நடந்தவர்களுக்கு, அது தங்களுக்கும் உரிய நிலம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. இனி மண்.

கைவிடப்பட்ட நிலத்தில் மண் என்று பார்க்கிறோமே, அது பெரும்பாலும் மண்ணே அல்ல. மேலே நான்கு விரல்கடை தூசி, அதன் கீழே செங்கல், சிமென்ட் காரை, கண்ணாடி, கம்பி. லாரிகளும் பொக்லைன்களும் ஏறி இறங்கி அது பாறைபோல் இறுகியிருக்கும். வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. ஒரு முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நீர் அப்படியே நின்றால், அங்கே நடும் கன்று தாகத்தால் சாகாது, வேர் அழுகிச் சாகும். காரையிலும் சிமென்டிலும் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரத் தன்மைக்குக் கொண்டுபோகிறது. அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாவது அதனால்தான். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் கொட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் ஈயம். பழைய பெயின்டில் இருந்தது, பெட்ரோலில் இருந்தது. பழைய கட்டடங்கள் இருந்த இடத்திலும் வண்டிகள் அதிகம் ஓடிய சாலையோரத்திலும் மண்ணில் தங்கிவிடும், மட்கிப் போகாது. சிறு பிள்ளைகள் மண்ணில் விளையாடி வாயில் கையை வைப்பார்கள். ஆகவே சாப்பிடும் பொருள் எதையும் விளைவிப்பதற்கு முன் மண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இதில் சமாதானமே கூடாது. சந்தேகம் இருந்தால் தரையில் நேராக நடாமல், உயரமாகத் தொட்டி கட்டி வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்புவதுதான் வழக்கம். உலகத்தின் பல சமூகத் தோட்டங்களில் மரச்சட்டப் பாத்திகளைப் பார்க்கிறோமே, அது அழகுக்காக மட்டும் செய்தது இல்லை.

இறுகிய மண்ணுக்கு மருந்து பொறுமைதான். கடப்பாரையாலோ பெரிய முள்கரண்டியாலோ மண்ணைக் கிளறிவிட்டு, மட்கு உரம் சேர்த்து, மேலே காய்ந்த இலை, மரச்சீவல், வைக்கோல் என்று கிடைப்பதைக் கொண்டு மூடாக்குப் போட வேண்டும். மூடாக்கு வெயிலைத் தடுக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, களையை அடக்குகிறது, மெல்ல மட்கி மண்ணாகிறது. அதன் அடியில் மண்புழு வந்துவிட்டால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். தண்டை ஒட்டிக் குவித்துவிடக் கூடாது, அது மட்டும் கவனம்.

இதற்கெல்லாம் முன்னால், முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நிலத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் மதிய வெயில் விழுகிறது, ஆட்கள் எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஜனங்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையை மறித்து மலர்ப்பாத்தி போட்டால், ஒரே வாரத்தில் பாத்தி மிதிபட்டுப் போகும். அந்தத் தடத்தையே நடைபாதையாக்கினால் சண்டை இல்லை.

பார்த்துக்கொண்டிருந்ததிலேயே பெரிதாகச் சாதித்தவர்களும் உண்டு. பெர்லினில் டெம்பல்ஹோஃப் சரக்கு ரயில் நிலையம் 1952-இல் கைவிடப்பட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே பூர்ச்ச மரங்களும் புல்வெளியும் தாமாக வந்தன. அங்கே மறுபடியும் சரக்கு நிலையம் கட்டத் திட்டமிட்டபோது, 1980களில் அந்தப் பகுதி மக்கள் எதிர்த்து நின்றார்கள். 18 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடம் 2000-இல் ஸுட்கெலெண்டே இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவர்கள் அங்கே காடு வளர்க்கவில்லை, வந்த காட்டைப் போகவிடாமல் வைத்துக்கொண்டார்கள். பொக்லைனை வரவழைத்து எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் முன், அங்கே ஏற்கெனவே வாழ்வது எது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

ஜப்பானியத் தாவரவியலர் அகிரா மியாவாக்கியின் அடர்காடு முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. மண்ணை நன்றாகப் பண்படுத்தி, அந்தந்த இடத்துக்குரிய மர வகைகளை நெருக்கமாகக் கலந்து நடுவது. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு மரங்கள் வேகமாக எழும்பும். நல்ல முறைதான், ஆனால் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. இயல்பிலேயே புல்வெளியாக இருந்த இடத்தில் காட்டைத் திணித்தால், அங்கே இருந்த உயிர்களுக்கு அது அழிவு. அதோடு, ஊர் நடுவில் உள்ள சிறிய மனையில் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மரங்கள் அடைத்து நின்றால், மக்கள் உள்ளே போகப் பயப்படுவார்கள். பழைய பயமே வேறு வடிவில் திரும்பி வந்துவிடும்.

பார்வை என்பது இந்த விஷயத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 541 வெற்று மனைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, சுற்றிலும் இடுப்பளவு மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018-இல் வெளிவந்த முடிவுகளின்படி, பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்களின் அளவு 41.5 விழுக்காடு குறைந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் மனநலத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை சுமார் 29 விழுக்காடு குறைந்தது.

பெரிய பூங்கா எதையும் அவர்கள் கட்டவில்லை. புல், சில மரம், ஒரு வேலி. அந்த வேலியும் தாண்டக்கூடியது, உள்ளே நுழைய இடைவெளியும் விட்டிருந்தார்கள். யாரையும் தடுக்க முடியாத அந்த வேலி ஒரு செய்தியைச் சொன்னது: இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வெட்டி நேராக்கிய ஓரம், பெருக்கிய பாதை, சாயம் பூசிய ஒரு பலகை, இவையெல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே செடிகள் காடாக வளர்ந்திருந்தாலும், ஓரம் ஒழுங்காக இருந்தால் அதை யாரும் புதர் என்று சொல்வதில்லை.

இனிதான் கடினமான கட்டம். ஆரம்ப சூரத்தனம் இந்த வேலையைப் பிடித்த நோய். நடும் நாளன்று நூறு பேர் வருவார்கள். நான்காவது வாரம் ஆறு பேர். கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 கன்றுகள், கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு தடவை என்றால் வாரத்துக்கு 4,000 லிட்டர். எங்கிருந்து அந்தத் தண்ணீர் வரும்? யார் சுமப்பது? பரீட்சைக் காலத்தில் யார், கோடை விடுமுறையில் யார்? கன்று தன் காலில் நிற்க இரண்டு மூன்று கோடைகள் ஆகும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் 200 நடலாம். இல்லாவிட்டால் 20 நட்டு, அந்த இருபதையும் பிழைக்க வைப்பதே மேல். எத்தனை நட்டோம் என்று மார்தட்டுகிற அறிக்கைகளில், மூன்று வருடம் கழித்து எத்தனை நின்றன என்ற வரியைத் தேடினால் கிடைப்பதில்லை. வருத்தமாக இருக்கிறது.

மனிதர்களைப் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. பொதுச் சொத்து என்றாலே அழிந்துதான் போகும் என்ற வாதத்தை 1968-இல் அமெரிக்கச் சூழலியலர் காரெட் ஹார்டின் முன்வைத்தார். மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் பொதுவென்றால், ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று ஓட்டிவந்து கடைசியில் நிலத்தையே அழிப்பார்கள் என்றார். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அதற்குப் பதிலாக, உண்மையில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் கிராமக் காடுகள், ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்த பாசன முறைகள் என்று, பல தலைமுறைகளாகக் கெடாமல் இருந்த பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 1990-இல் நூலாக எழுதினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அத்துறையில் அதைப் பெற்ற முதல் பெண்.

அவர் கண்டது என்ன? எல்லை தெளிவாக இருக்க வேண்டும், யார் யார் உறுப்பினர் என்பதும்தான். விதிகளுக்குக் கட்டுப்படுகிறவர்களே அவற்றை மாற்ற முடிய வேண்டும். கண்காணிப்பவர்கள் அவர்களுக்குள்ளிருந்தே வர வேண்டும். தவறுக்குத் தண்டனை படிப்படியாக இருக்க வேண்டும். சண்டை வந்தால் செலவில்லாமல் உடனே பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். அவர்கள் இப்படிக் கூடி நிர்வகிப்பதை அரசு அங்கீகரிக்க வேண்டும்.

தோட்டத்தில் இதை அப்படியே பார்க்கலாம். தன் பாத்தியை இரண்டு வாரமாகக் கவனிக்காதவரை உடனே நீக்கினால் பகை வரும், கண்டுகொள்ளாமல் விட்டால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். முதலில் உடம்பு சரியில்லையா என்று ஒரு போன், அப்புறம் பக்கத்துப் பாத்திக்காரர் சில நாள் தண்ணீர் விடுவது, அதற்கும் மேல் போனால் பாத்தியைக் காத்திருப்பவருக்குக் கொடுப்பது. சாவி யாரிடம், குழாயை மூடுவது யார், பழுத்ததை யார் பறிக்கலாம் என்பதெல்லாம் சின்ன விஷயம்போலத் தோன்றும். தோட்டங்கள் உடைவது பூச்சியால் அல்ல, பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களால்தான்.

கேட்பாரற்ற நிலம் என்று நாம் சொல்லும் இடத்திலும் ஏற்கெனவே யாராவது இருந்திருப்பார்கள். பந்து விளையாடும் பையன்கள், வீடில்லாமல் அங்கே தூங்குகிறவர், பழைய இரும்பு பொறுக்கிப் பிழைப்பவர். அவர்களைத் துரத்திவிட்டுப் பூ வைத்தால், அந்த இடம் சிலருடைய தோட்டம்தான், பொதுத் தோட்டம் ஆகாது. முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிட வேண்டும். பையன்களுக்கு ஒரு திறந்த புல்தரை, உட்கார நிழலில் ஒரு திண்ணை என்று திட்டம் அப்போதே மாறிவிடும். நல்லதற்குத்தான் மாறும்.

வெற்றியே ஆபத்தாகும் கட்டம் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைப் பற்றி 2008-இல் வந்த ஆய்வு, சமூகத் தோட்டத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் வீட்டு மனைகளின் மதிப்பு உயர்கிறது என்றும், ஏழைப் பகுதிகளில்தான் அந்த ஏற்றம் மிக அதிகம் என்றும் காட்டியது. நிலத்துக்கு விலை வந்ததும் அதை விற்கும் எண்ணமும் வருகிறது, வாடகைக்கு இருப்பவர்களின் பாடும் திண்டாட்டமாகிறது. 1999-இல் நியூயார்க் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விட முன்வந்தது. இரண்டு அமைப்புகள் கடைசி நேரத்தில் விலை கொடுத்து வாங்கி அவற்றைக் காப்பாற்றின. எஸ்பெரான்சா என்ற தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தவளை வடிவில் பெரிய பரண் கட்டி ஆட்கள் காவல் இருந்தும், 2000 பிப்ரவரியில் புல்டோசர் ஏறியது. ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள். லாஸ் ஏஞ்சலஸில் 14 ஏக்கரில் சுமார் 350 குடும்பங்கள் பயிரிட்ட சவுத் சென்ட்ரல் பண்ணை 2006-இல் அதே கதியை அடைந்தது.

பெர்லினில் 2009-இல் மொரிட்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தருகே தொடங்கிய பிரின்ஸெஸினென் தோட்டம் இதை முதல் நாளே யோசித்தது. பல பத்தாண்டுகளாகக் குப்பை சேர்ந்த 6,000 சதுர மீட்டர் நிலம், நிரந்தர உரிமையும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் பெட்டிகளிலும் சாக்குகளிலும் நட்டார்கள். போகச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம். புத்திசாலித்தனம்தான், ஆனாலும் மரம் பெட்டியில் வளராது. இங்கிலாந்தில் வேறு வழி கண்டார்கள். குடிமக்கள் பயிரிடவென்றே உள்ளாட்சிகள் ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று 1925-இல் சட்டமே போட்டார்கள். உறுதியான தாள் இருந்தால்தான் நிழல் தரும் மரத்தை நடத் துணிச்சல் வரும்.

தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள், இனி நமக்கு வேலையில்லை என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது அநியாயம். ஜனங்கள் உழைப்பைத் தருகிறார்கள். தண்ணீர் இணைப்பு, குப்பை வண்டி, விளக்கு, நீண்டகால உரிமை இவற்றைத் தருவது நிர்வாகத்தின் கடமை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1973 முதல் நடத்தும் ‘பி-பேட்ச்’ என்ற சமூகத் தோட்டத் திட்டம் இந்தப் பங்கீட்டைச் செய்துகாட்டியிருக்கிறது. நிலத்தையும் நிர்வாகத்தையும் நகரம் ஏற்கிறது. பாத்தி வைத்திருப்பவர் தன் பாத்தியோடு பொதுப் பகுதியிலும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். வசதி படைத்தவர்கள் வாழும் பகுதிக்கு ஊழியர்கள் பராமரிக்கும் பூங்கா, இல்லாதவர்கள் வாழும் பகுதிக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நகரம் நடந்துகொண்டால், எவ்வளவு அழகான தோட்டமானாலும் அந்தக் கணக்கைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருப்பார். விடியற்காலையில் முதலில் வருகிறவர், எந்தக் குழாய் ஒழுகும் என்று தெரிந்தவர், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அறிந்தவர். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஊரைவிட்டுப் போனால், தோட்டமும் சேர்ந்து போவதுண்டு. அதனால் அவர் தலையில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், சாவியை மூன்று பேரிடம் கொடுக்க வேண்டும், பொறுப்பை வருடத்துக்கு ஒருமுறை கைமாற்ற வேண்டும். லிஸ் கிறிஸ்டி 1985-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த மூலைத் தோட்டத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். இன்றும் அதைத் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். செங்கல் குவியலாகக் கிடந்த அந்த மனையில் இப்போது ஓங்கி வளர்ந்த டான் ரெட்வுட் மரம் ஒன்று நிற்கிறது.